தென்னாப்பிரிக்காவில் ஒரு பேப்பர் கப்

அம்சக்காவைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என் நடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் பெயர் முபாரக். பூதலூர் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். கொஞ்ச மாதங்களாக நான் நடந்தால் முதலில் வயிறு போகிறது, பிறகுதான் நான் போகிறேன். இடது கை வேட்டி நுனியைத் தேடுகிறது, கட்டியிருப்பதோ கைலி. வாயைத் திறப்பதற்கு முன் தேவையே இல்லாமல் ஒரு இருமல் வேறு. என் மனைவி ஷம்சாத் ஒருநாள் கேட்டே விட்டாள்.

"ஏங்க, எந்த ஊர் மிராசுதார முழுங்கிட்டு வந்தீங்க?"

நானாக முழுங்கவில்லை. ஊட்டிவிட்டது அம்சக்கா. அந்த நடையின் சொந்தக்காரர் செம்பியன்கொல்லை தியாகேசன். முன்னாள் ஊராட்சித் தலைவர், மேலத்தெருக்காரர், அந்த ஊர்க் கடைத்தெருவில் டீக்கடை வைத்திருப்பவர்.

அம்சக்காவும் செம்பியன்கொல்லைதான், ஆனால் காலனி. பல வருஷங்களுக்கு முன் ஒரு பொங்கலுக்குக் காலனிப் பிள்ளைகள் விளையாட்டுப் போட்டி நடத்தி, கடைசியில் யாராவது ஏதாவது செய்யுங்கள் என்று மைக்கை நீட்டியிருக்கிறார்கள். அக்கா ஒரு துண்டை மடித்து வயிற்றில் சொருகிக்கொண்டு, மேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரே ஒரு தடவை நடந்தார். நடுவில் ஒரு இருமல். ஒரு வார்த்தை பேசவில்லை. காலனி விழுந்து புரண்டு சிரித்தது. எவனோ அதை செல்போனில் பிடித்து அனுப்ப, மறுநாள் தாலுகாவே சிரித்தது.

மேலத்தெரு மட்டும் சிரிக்கவில்லை. அதன் பிறகு நடவுக்கு அக்காவைக் கூப்பிடவில்லை. அக்கா வீட்டுப் பால் திடீரென்று தண்ணீராகிவிட்டது என்று வாங்குவதை நிறுத்தினார்கள். மளிகைக் கடையில் எதைக் கேட்டாலும் ஸ்டாக் இல்லை. உப்புகூட ஸ்டாக் இல்லை. அக்கா சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு பூதலூருக்கு வந்தார். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார். சாம்பார் அபாரமாக இருக்கும். சிரிப்பு அதைவிட.

பூதலூரில்தான் பரிதி சாரிடம் மாட்டினார். பரிதி சார் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறவர், ஞாயிற்றுக்கிழமைகளில் வீதி நாடகம் போடுகிறவர். அந்தக் குழுவில் நானும் உண்டு. அவர் எழுதிய நாடகம் தென்னாப்பிரிக்காவைப் பற்றியது. அங்கே ஒரு காலத்தில் வெள்ளைக்காரருக்கு ஒரு பெஞ்சு, கறுப்பருக்கு ஒரு பெஞ்சு. அவருக்கு ஒரு தெரு, இவருக்கு ஒரு தெரு. இதை எதிர்த்துப் பாடிய பாட்டுக்காரர்களும் ஆட்டக்காரர்களும் நாட்டைவிட்டே போக வேண்டியதாயிற்று. போனவர்கள் சும்மா கிடக்கவில்லை. போன இடத்திலெல்லாம் மேடையேறிப் பாடி, ஆடி, தங்கள் ஊரில் நடப்பதை உலகத்துக்கே சொன்னார்கள். அப்படி ஒரு பாட்டுக்காரியின் கதை. பாட்டுக்காரி வேஷம் அம்சக்காவுக்கு.

முதல்நாள் ஒத்திகையில் கதையைக் கேட்டதும் அக்கா கேட்டார், "இந்தப் பொம்பளைய ஊரவிட்டுப் போன்னு யாரு சார் சொன்னா?"

"அரசாங்கம்தாங்க."

"பரவாயில்லயே, நேராச் சொல்லிட்டாங்க! எங்க ஊர்ல ஒருத்தரும் போன்னு சொல்லல சார். இருக்க விடல, அவ்வளவுதான்."

வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி நான். குழுவிலேயே நான்தான் கொஞ்சம் நிறம் என்று பரிதி சார் சொன்னார். அந்த நிறத்தை நம்பி யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள், ஆனாலும் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு இறங்குவேன். மாசி வெயிலில் இரண்டாம் காட்சி முடிவதற்குள் பவுடர் ஒழுகி, லண்டனிலிருந்து பூதலூருக்கு வந்து சேர்ந்துவிடுவேன். அதிகாரி எப்படி நடப்பான் என்று எனக்குத் தெரியவில்லை. "நான் சொல்லித் தர்றேன் பாய்" என்றார் அக்கா. சொல்லித் தந்தது எந்த நடை என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அப்போது எனக்குத் தெரியாது.

இனி பேப்பர் கப்புக்கு வருகிறேன். நாடகத்தில் ஒரு கடைக் காட்சி. பாட்டுக்காரி கடைக்குப் போய் டீ கேட்பாள். வெள்ளைக்கார முதலாளியாக வரும் பரிதி சார், இங்கே உனக்கு இடமில்லை என்று வாசலில் நிறுத்தி, ஒடுங்கிய தகரக் குவளையில் ஊற்றி நீட்டுவார். அவள் அதைத் தட்டிவிட்டு உள்ளே போய் வெள்ளைக்காரர் பெஞ்சில் உட்காருவாள். நான் வந்து கைது செய்வேன். அத்தோடு நாடு கடத்துவார்கள். திருவிடைமருதூரில் நாடகம் போட்ட அன்று தகரக் குவளையை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டார் பரிதி சார். அக்கா ஓடிப்போய் ஒரு கடையில் பேப்பர் கப் வாங்கி வந்து கையில் திணித்தார்.

"அந்தக் காலத்துத் தென்னாப்பிரிக்காவுல பேப்பர் கப்பாக்கா?" என்று பரிதி சார் அழாத குறையாகக் கேட்டார்.

"எங்க ஊர்ல அவங்களுக்கெல்லாம் கண்ணாடி கிளாஸு. எங்களுக்கு இதான சார்? தூக்கிப் போட்டுட்டா யாரும் கழுவ வேணாம் பாருங்க."

கப் வெளியே வந்ததும் கூட்டத்தில் ஒரு விசில். பிறகு ஒரே கைதட்டல். அதுவரை கடலை கொறித்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து நின்றார்கள். அன்றோடு தகரக் குவளைக்கு வேலை போயிற்று. சீர்காழியிலும் பேப்பர் கப்தான், அங்கும் விசில்தான். வரலாறு கெட்டுவிட்டது என்று பரிதி சார் மட்டும் ஒவ்வொரு நாடகம் முடிந்ததும் வருத்தப்படுவார்.

அக்காவுக்கு ஒரே ஆசை. இந்த நாடகத்தைச் செம்பியன்கொல்லையில் போட வேண்டும். காலனியில் இல்லை, கடைத்தெருவில், தியாகேசன் கடைக்கு எதிரே. போடாமல் செத்தால் என் கட்டை வேகாது என்பார். விஷயம் தெரிந்ததும் அங்கேயே இருக்கும் அவருடைய தங்கை மலர்க்கொடி போன் செய்தார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"வேணாங்க்கா. நீ ஆடிட்டு ஆட்டோ ஏறிப் போயிடுவ. மறுநாள் அவங்க முகத்துல நான்ல முழிக்கணும்?"

அன்று பள்ளிக்கூடத்துச் சாம்பாரில் உப்பு கரித்ததாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். அந்தக் கையால் அப்படி நடந்ததே இல்லை.

ஆனாலும் அக்கா ஆசையை விடவில்லை. அனுமதி கேட்டு நான்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். சப்-இன்ஸ்பெக்டர் மதிவதனி சின்ன வயது, சிரிக்காத முகம்.

"உள்ளூர் ஆளுங்களப் பத்தி ஏதாவது வருதா?"

"ஒருத்தரும் கிடையாது மேடம். எல்லாம் தென்னாப்பிரிக்கா ஆளுங்க."

"அப்ப நமக்கென்ன, போடுங்க" என்றார்.

இரண்டு நாளில் ஸ்டேஷனிலிருந்து போன். அக்காவும் நானும் போனோம். தியாகேசன் இரண்டு பேரோடு உட்கார்ந்திருந்தார். கையில் செல்போன், அதில் சீர்காழியில் எவனோ எடுத்த எங்கள் நாடகம்.

"மேடம், இது தென்னாப்பிரிக்கா இல்ல. எங்க ஊரு" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"நல்லாப் பாருங்க மேடம், பேப்பர் கப்பு!"

மதிவதனி பார்த்தார். "சரி. உங்க கடையில பேப்பர் கப்பு யாருக்குக் குடுப்பீங்க?"

தியாகேசன் வாயைத் திறந்தார். வன்கொடுமைச் சட்டம் என்னும் பெயர் அவர் முகத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கும்படி தெரிந்தது. கூட வந்த இருவரும் சுவரில் இருந்த காலண்டரை ஆராயத் தொடங்கினார்கள்.

"யாருக்கும் இல்ல மேடம்! எங்க கடையில எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸ்தான்."

"பெஞ்சு?"

"யாரு வேணா உட்காரலாம் மேடம். எங்க ஊர்ல அந்த மாதிரி வித்தியாசமெல்லாம் கெடையவே கெடையாது."

"அப்ப இது உங்க ஊரு இல்லல்ல? தென்னாப்பிரிக்காதான்?"

தியாகேசன் ஒரு இருமல் இருமினார். "தென்னாப்பிரிக்காதான் மேடம்" என்றார். ஆனாலும் விட மனசில்லை. "அந்தப் போலீஸ்காரன் நடை மட்டும் என் நடை மேடம்."

"அப்படியா? கொஞ்சம் நடந்து காட்டுங்க."

மனிதர் எழுந்து நடந்தார். வயிறு முன்னால் போயிற்று, இடது கை வேட்டி நுனியைப் பிடித்தது. அச்சு அசலாக நானேதான். ஸ்டேஷன் ரைட்டர் ஒரு ஃபைலுக்குப் பின்னால் தலையைக் கொண்டுபோனார், ஃபைல் குலுங்கியது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஆசிரியர் மாணவனைப் பார்ப்பதுபோல் உற்றுப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார். "இருமலு நீங்கதான் பாய் நல்லாப் பண்றீங்க."

நடை யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்த சொத்து இல்லை என்று மதிவதனி புகாரை முடித்துவைத்தார். ஞாயிற்றுக்கிழமை தானும் வருவதாகச் சொன்னார்.

ஞாயிறு சாயங்காலம் லோடு ஆட்டோவில் போய் இறங்கினால், கடைத்தெரு முழுக்க நெல் காய்கிறது. அறுவடை முடிந்து பல நாளாகியும் காயாத நெல், சரியாக நாங்கள் ஆட வேண்டிய இடத்தில் அன்றைக்குத்தான் காய வந்திருந்தது. எல்லாம் தியாகேசன் நெல். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நெல்லை மிதித்துக்கொண்டு ஆடலாம் என்றேன். "சோத்த மிதிக்கக் கூடாது பாய்" என்று அக்கா அதட்டினார். ஊரெல்லாம் நெல்லை விரித்த மனிதர் தன் கடைக்கு வாடிக்கையாளர் வர வேண்டுமே என்று வாசலை மட்டும் காலியாக விட்டிருந்தார். வேறு இடம் இல்லாததால் அவர் கடை வாசலிலேயே நாடகத்தைத் தொடங்கினோம். எங்கள் புத்தி அல்ல, அவர் புத்தி.

மேலத்தெரு கடைக்குள்ளும் மாடிகளிலும் நின்றது. காலனி நெல்லுக்கு அந்தப் பக்கம் நின்றது. மலர்க்கொடி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றார். மதிவதனி ஜீப்பில் சாய்ந்திருந்தார். கல்லாவில் தியாகேசன்.

நான் நடந்து வந்தேன். மேலத்தெரு மாடியில் ஒரு பெண் களுக்கென்று சிரித்து, யாரோ அதட்ட, அடக்க முடியாமல் மறுபடியும் சிரித்தாள். அதன்பின் கடைக் காட்சி. பரிதி சார் பேப்பர் கப்பை நீட்டினார். அக்கா அதைத் தட்டிவிட்டார். தட்டிவிட்டு எங்கள் ஸ்டூலில் உட்கார வேண்டியவர், ஸ்டூலைத் தாண்டினார். பரிதி சாரைத் தாண்டினார். நேரே தியாகேசன் கடைக்குள் ஏறி, நிஜ பெஞ்சில் உட்கார்ந்தார்.

"டீ ஒண்ணு போடுங்க" என்றார்.

தியாகேசன் ஜீப்பைப் பார்த்தார். பிறகு மாடியைப் பார்த்தார். 'நீ' என்று ஆரம்பித்தால் ஜீப் இருக்கிறது. 'நீங்க' என்று ஆரம்பித்தால் மாடி இருக்கிறது. ஆயுள் முழுக்க அந்தக் காலனியைப் போ, வா என்றே அழைத்த நாக்கு, இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து தேடித் தவித்தது.

"சர்க்கரை... போடலாமா?" என்று காற்றைப் பார்த்துக் கேட்டார்.

"போடுங்க" என்றார் அக்கா.

டீ வந்தது, கண்ணாடி கிளாஸில். வைத்த வேகத்தில் கொஞ்சம் பெஞ்சில் சிந்தியது.

நாடகப்படி நான் இப்போது உள்ளே போய் அவரைக் கைது செய்ய வேண்டும். கைது செய்தால்தான் நாடு கடத்த முடியும், அதன்பிறகுதான் கதையே. பரிதி சார் போ, போ என்று கண்ணைக் காட்டினார். எதற்குக் கைது செய்வது, எங்கே கொண்டுபோய் விடுவது? அது அவருடைய ஊர். நான் போலீஸ் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். நாடகம் அத்தோடு நின்றுபோனது.

அக்கா நெல்லுக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். "மலரு, வாடி."

மலர்க்கொடி முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நெல்லில் கால் படாமல் ஓரமாகவே சுற்றி வந்தார். கடைப்படியில் நின்று செருப்பைக் கீழே போட்டு, காலில் மாட்டிக்கொண்டு உள்ளே போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்தில் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது.

அக்கா ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தது. இன்னொரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு கிளாஸைத் தங்கையிடம் நீட்டினார். மலர்க்கொடியும் குடித்துவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்காவின் கண்ணில் அதற்குள் தண்ணீர் வந்துவிட்டது.

"கழனித்தண்ணியாட்டம் இருக்குடி" என்றார். "இதுக்கா நம்ம அப்பா சாகற வரைக்கும் அந்த வாசல்ல நின்னாரு?"