சும்மா இருக்க வராத ஞானாபரணம் ஐயர்

செய்தி வந்தபோது நான் மாணவர்களோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். வகுப்பறைக் கதவில் 'மௌன ஜெபம், பேச வேண்டாம்' என்று நானே எழுதிய அட்டை தொங்கியது. அலுவலக உதவியாளர் தாசன் அதைப் படித்துவிட்டு, வகுப்பு முடியும்வரை வாசலிலேயே கைகட்டி நின்றிருக்கிறார். வெளியே வந்ததும், "ஐயா, ஞானாபரணம் ஐயர் தவறிட்டாகளாம். பெரியாஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சு" என்றார். "இதைச் சொல்லவாய்யா இவ்வளவு நேரம் நின்னீர்?" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். பிறகு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. யாருடைய சாவுச் செய்தியாக இருந்தாலும் ஐயர் கேட்டிலிருந்தே கத்தியிருப்பார்.

நம் இறையியல் கல்லூரியில் படித்தவர்களுக்கு அந்தக் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. போதகர் என்பதால் எல்லாருக்கும் 'ஐயர்' ஆகிவிட்ட அவர் பிரசங்க வகுப்பு எடுத்தால், சுவருக்கு அப்பால் கடலை பிடுங்குகிறவர்கள்கூட மூன்று குறிப்புகளோடு வீட்டுக்குப் போவார்கள். எழுபதுகளின் கடைசியில், முதல்வரிடம் அனுமதி வாங்கி நான் மௌன ஜெப வகுப்பைத் தொடங்கினேன். அன்று மாலையே ஐயர் என் அறைக்கு வந்துவிட்டார்.

"தம்பி, வாயத் திறந்து பேசப் படிக்கத்தான் சபையார் இந்தப் பிள்ளைகள அனுப்பியிருக்காக. நீங்க வாய மூடச் சொல்லிக்குடுக்குறீகளாமே?"

"மனசு அடங்கினா ஜெபம் ஆழமாகும் அண்ணே."

"மனசக் காலி பண்ணிப் போட்டா எவன் வேணாலும் குடி வருவான். பிசாசு வாடகை பேசிட்டா உள்ள வரும்?"

அவருடைய பயம் வெறும் வீம்பு அல்ல. எங்கள் மாணவர்கள் திரும்பிப் போகும் கிராமத்துச் சபைகளில், ஞானஸ்நானம் எடுத்ததற்காக அண்ணன் தம்பி உறவையே இழந்த குடும்பங்கள் இருந்தன. அவர்களிடம் போய், சம்மணம் போட்டு மூச்சைக் கவனியுங்கள் என்று இளம் போதகர் சொன்னால், பழைய சாமியார் வழிக்கே திரும்பவா எல்லாவற்றையும் விட்டு வந்தோம் என்று அவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் அப்போது சரியான பதில் இல்லை. ஐயர் வகுப்பை மூடச் சொல்லி ஆட்சிக்குழுவுக்கு மனு எழுதினார். எழுதிய கையோடு, "பாக்காம எதுக்கக் கூடாது" என்று வகுப்பிலும் வந்து உட்கார்ந்தார்.

அங்கேதான் வேடிக்கை தொடங்கியது. நம் சபைகளில் அமைதி வருவது பிரசங்கியார் அடுத்த வார்த்தையை மறந்தால்தான். உடனே ஒரு பெரியவர் கீர்த்தனையை எடுத்து அவர் மானத்தைக் காப்பாற்றுவார். ஐயர் அந்தப் பழக்கத்திலேயே ஊறியவர். வகுப்பில் எல்லாரும் கண்ணை மூடிச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும், அவர் உச்சஸ்தாயியில் பாட்டெடுத்துவிட்டார். பையன்களும் பழக்க தோஷத்தில் கைதட்டிச் சேர்ந்துகொள்ள, எல்லாச் சரணங்களும் முடிந்த பிறகுதான் அடங்கினார்கள். "தடுமாறிட்டீக தம்பி, நல்லவேளை நான் இருந்தேன்" என்றார். அமைதிதான் பாடமே என்று விளக்கினேன். அடுத்த வாரமும் பாடினார். "புத்திக்குத் தெரியுது தம்பி. தொண்டைதான் கேக்க மாட்டேங்குது." அதன் பிறகு கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார்.

ஒரு சனிக்கிழமை மாணவர்களைக் கீழக்குயில்குடி மலைக்குக் கூட்டிப் போனேன். மதியம் வரை யாரும் பேசக்கூடாது என்பது ஏற்பாடு. "காவலுக்கு வாரேன்" என்று ஐயரும் குடையோடு கிளம்பினார், பேசமாட்டேன் என்று வாக்கும் கொடுத்தார். பாதி ஏற்றத்தில் அவர் செருப்பு வார் அறுந்தது. சற்று நேரத்தில் பார்த்தால், சமணச் சிற்பம் செதுக்கிய பாறையில் சாய்ந்து, விரித்த குடைக்குள் முகம் கோணி, கண்ணில் நீர் வழிய நிற்கிறார். மௌனம் கடைசியில் இவரையும் தொட்டுவிட்டது என்று நான் பூரித்துப்போனேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு காலைக் காட்டினார். உள்ளங்காலில் கருவேல முள். நான் முழங்கால் போட்டு, குனிந்து, இரண்டு கையாலும் அதைப் பிடுங்கினேன். மாணவர்கள் தலை குனிந்து சுற்றி நின்று பார்த்தார்கள். கொடுத்த வாக்கை அவர் மீறவில்லை, 'ஸ்' என்ற சத்தத்தோடு சரி.

அந்த நேரம் பார்த்து, எங்கள் ஆட்சிக்குழுவைச் சேர்ந்த மூப்பர் ஒருவர் உறவினர்களுக்கு மலையைக் காட்ட வந்திருக்கிறார். குடை மறைத்ததால் கீழேயிருந்து அவருக்கு ஐயர் தெரியவில்லை. மேலே சிற்பமும், அதன் முன்னால் என் முழங்காலும், சுற்றிலும் குனிந்த தலைகளும்தான் தெரிந்தன. நான் கற்சிலையை வணங்கினேன் என்று ஆட்சிக்குழுவுக்குப் புகார் போனது. புகார் உறுதியானால் வகுப்போடு என் வேலையும் போகும். அப்போது என் மனைவி நிறைமாதம். நாங்கள் குடியிருந்ததோ கல்லூரி கொடுத்த வீடு.

விசாரணையில் மூப்பர் தாம் கண்டதை மனதாரச் சொன்னார். தலைவர் தீர்ப்பெழுதப் பேனாவைத் திறந்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் எழ முயன்றதற்கு, உட்காரும்படி கையைக் காட்டினார். மனு கொடுத்தவர் என்ற முறையில் ஐயர் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவர் ஆசைப்பட்டது அவர் மடியிலேயே வந்து விழப் போகிறது. அதற்கு அவர் சும்மா இருந்தால் போதும்.

அவருக்கு அது மட்டும் வராதே!

"நிறுத்துங்கய்யா!" என்ற சத்தத்தில் தலைவரின் பேனா கீழே விழுந்தது. "தம்பி முழங்கால் போட்டது நெசம். ஆனா சிலைக்கு இல்ல, என் காலுக்கு. கருவேல முள்ளு, இம்புட்டு நீளம்." செருப்பைக் கழற்றி, காலை நாற்காலிமேல் தூக்கி வைத்தார்.

"ஐயரே, காலை இறக்குங்கள்" என்றார் தலைவர்.

"சாட்சின்னா பாக்க வேணாமா? வகுப்ப மூடணும்னுதான் இப்பவும் சொல்றேன். காலி மனசு ஆபத்து. அதச் சொல்லி மூடுங்க. முள்ளு எடுத்தவன, சிலையக் கும்பிட்டான்னு எழுதி மூடாதீக."

மூப்பர் எழுந்துவந்து அந்தக் காலில் முள் குத்திய வடுவை உற்றுப் பார்த்துவிட்டு, தாம் சொன்னதைத் திரும்பப் பெற்றார். வகுப்பு பிழைத்தது. திரும்பும்போது டவுன் பஸ்ஸில் நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். "நன்றி எதுக்கு? அடுத்த கூட்டத்துல மூட வைக்கிறேன் பாருங்க" என்றார்.

சொன்னபடியே ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து எதிர்த்தார். தாம் சொல்லப்போவதை முந்தின நாளே என்னிடம் வந்து சொல்லிவிடுவார். "பதில் தயார் பண்ணிக்கங்க, சபையில வச்சு முழிக்கக்கூடாது." சபையை விட்டுவிடாமல் பிள்ளைகளுக்கு மௌனத்தை எப்படிச் சொல்லித்தருவது என்று நான் கற்றது, அந்தப் பதில்களைத் தயார் செய்தபோதுதான். போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்த்தபோதும், நர்ஸ் அதட்டும் வரை என்னோடு வாதாடினார்.

எனக்குப் பிடிக்காத கருத்துள்ளவரைப் பற்றி யார் வந்து கேட்டாலும், அவருக்குச் சாதகமான உண்மையையும் மறைக்காமல் சொல்கிறேன். அது ஐயரிடமிருந்து வந்த பழக்கம். அவருடைய பயம் தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். வரும் கூட்டத்தில் வகுப்பை இன்னொரு வருட மாணவர்களுக்கும் விரிவாக்கக் கேட்கப்போகிறேன். எதிர்ப்பே இருக்காது, உடனே கொடுத்துவிடுவார்கள் என்கிறார் முதல்வர். இருந்தாலும் முந்தின நாளே உட்கார்ந்து, ஐயர் இருந்தால் என்னென்ன கேட்டிருப்பாரோ அத்தனைக்கும் பதில் தயார் செய்யப்போகிறேன்.