படகில் ஒரு வேண்டுதல்

என் கணவர் பட்டறைக்குப் பின்னால் பாய்மரப் படகு கட்டிக்கொண்டிருந்ததை நான் வெகுநாள் விளையாட்டாகத்தான் நினைத்தேன். கோயமுத்தூரில் பம்ப்செட் பட்டறை நடத்துபவருக்குப் படகு எதற்கு? தொண்ணூறுகளின் நடுவில், ஒரு கோடை விடுமுறையில், அது லாரியில் ஏறி கோபிசெட்டிபாளையத்துக்கு மேற்கே இருந்த அணைக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னாலேயே நாங்கள் மூவரும் போனோம். பத்து நாள் படகிலேயே சமைத்து, படகிலேயே படுத்து, மீன் பிடித்துச் சாப்பிடுவது அவர் திட்டம்.

ஐந்து வயது மகளுக்காகத்தான் ஒப்புக்கொண்டேன். டைபாய்டு வந்து போனதிலிருந்து அவள் சாப்பிடுவதே இல்லை. இரண்டு வாய் ரசஞ்சோறு, அதோடு சரி. கை எலும்பு தெரிந்தது. "இடம் மாத்திப் பாருங்க, மீன், முட்டை குடுங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு முன்பே நான் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். மகள் உடம்பு தேறும்வரை மீன், கறி என்று எந்தக் கவிச்சியும் நான் வாயில் வைக்கமாட்டேன் என்று.

படகில் ஏறியதும் மகளின் இடுப்பிலிருந்து பாய்மரத்துக்கு ஒரு கயிறு கட்டினேன். கட்டியது தப்போ, இழுத்து வலிக்குமோ என்று அவிழ்த்தேன். விழுந்துவிட்டால் என்று மறுபடி கட்டினேன்.

முதல் இரண்டு நாள் காற்றும் இல்லை, மீனும் இல்லை. பரிசலில் வலை விரிக்க வந்த ஒருவர் எங்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுக் கேட்டார்: "ஏனுங் சார், காத்து வந்தாத்தான் மீன் புடிப்பீங்ளா?"

"இது வேற மாதிரி படகுங்க" என்றார் இவர்.

"அது தெரியுதுங்க. நிக்கற படகு."

ஆனாலும் மண்புழு எங்கே கிடைக்கும், எந்த மரக்கட்டையோரம் தூண்டில் போடவேண்டும் என்பதை அவர்தான் காட்டினார். மூன்றாம் நாள் ஜிலேபிக் கெண்டை ஆறு கிடைத்தது. ஸ்டவ்வைப் பற்றவைத்துக் குழம்பு வைத்தேன். ருசி பார்க்க முடியாததால் உப்பைக் கண்ணளவில் போட்டேன். இவர் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார். பரிசல்காரருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தோம்.

"ஏனுங்கக்கா, உப்பே காணமுங்க, அணைத் தண்ணியவே காய வெச்சுப்போட்டீங்களாட்ட இருக்குது" என்றார்.

மகள் மீனுக்கு வாய் திறக்கவே இல்லை. மறுநாளும் அப்படித்தான். ஐந்தாம் நாள் காலையில் அவளே ஒரு மீன் பிடித்தாள். தக்கை முங்கியதும் கத்தி, அப்பாவைக் கூட விடாமல் தானே இழுத்தாள். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதை மசாலா தடவி வறுத்தேன். தட்டில் வைத்துவிட்டு, வேண்டுதல் இருந்ததால் வழக்கம்போலக் கையை மூன்று தடவை கழுவித் திருநீறு பூசிக்கொண்டேன்.

"சாப்பிடு கண்ணு. நீ புடிச்சது."

"வேண்டாம்."

"ஏங்கண்ணு?"

"நீ திங்கறதே இல்ல. தொட்டாக் கைய கழுவிக் கழுவி ஊத்தற. அது கெட்டதுதான?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இத்தனை மாதமும் அவள் சாப்பிட வேண்டும் என்று நான் செய்ததையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். பார்த்து, தானாகவே ஒரு முடிவுக்கும் வந்திருக்கிறாள்.

"ஏனுங்க, வேண்டுதலை முறிச்சா ஏதாச்சும் ஆயிடுங்களா?"

"எனக்கெப்படித் தெரியும்? நீதான வேண்டிக்கிட்ட" என்றார். பிறகு மெதுவாக, "புள்ள சாப்புடறதுக்குத்தான வேண்டுன" என்றார்.

முறித்து, அவளுக்கே ஏதாவது வந்துவிட்டால்? முறிக்காமல் விட்டு, அவள் இப்படியே இளைத்துப் போனால்? கண்ணை மூடி, மீனுக்குப் பதிலாகக் காப்பியை விட்டுவிடுகிறேன் ஆத்தா, தை வரைக்கும், என்று பேரம் பேசினேன். இன்னும் பெரிதாக எதையாவது சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது. அதற்குள், மறுபடி யோசிக்க ஆரம்பித்துவிடுவேனோ என்ற பயத்தில், மீனில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன்.

மகள் என் தாடை அசைவதையே பார்த்தாள். நான் விழுங்கியதும் அருகில் நகர்ந்து வாயைத் திறந்தாள். முள் பார்த்து ஒரு வாய் ஊட்டினேன். மென்றாள். மறுபடி திறந்தாள். அந்தச் சின்ன மீனில் அவ்வளவு முள் இருந்தது. அவள் கேட்ட வேகத்துக்கு என் விரல்களால் எடுத்துக்கொடுக்க முடியவில்லை.