வீட்டுக்குப் போன கதைப் புத்தகம்

சுலோச்சனா டீச்சர் பயந்த சுபாவம். பஸ் கொஞ்சம் வேகமாகப் போனாலும் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வார். தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினால் என்ன தப்பு நடந்ததோ என்று நோட்டுகளை ஒருதரம் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார். கதைப் புத்தகம் விஷயத்தில் மட்டும் எங்கிருந்தோ ஒரு துணிச்சல் வந்திருந்தது.

திருத்தணியிலிருந்து டவுன் பஸ் பிடித்து, ஆர்.கே.பேட்டையைத் தாண்டி ஒரு நெசவாளர் ஊரின் ஆரம்பப் பள்ளிக்குப் போய் வந்தார். அவருடைய நாலாம் வகுப்புப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தைத் தவிர வேறு புத்தகம் தொட்டதில்லை. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் மலையடிவாரக் கடைகளில் படக்கதைப் புத்தகங்களைத் தேடி வாங்கி வந்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆளுக்கொன்று கொடுத்தனுப்புவார். "கேள்வி எல்லாம் கேக்க மாட்டேன். புடிச்சா படிங்க. புடிக்கலன்னா பாதியில மூடிடுங்க" என்பார். பிள்ளைகள் நம்பாமல் விழித்தார்கள். பிறகு நம்பினார்கள்.

1977 தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. பஸ்ஸைவிட்டு இறங்கியதும் எதிரே வந்த குப்பம்மாள் அவரை நிறுத்தினாள். அவள் பள்ளிக்கூடத்தைப் பெருக்குகிறவள்.

"டீச்சர், சேதி தெரியுமா? துளசிங்கம் பொண்ணு, உங்க கிளாஸ் அம்மு, நேத்து பவர்லூம் மோட்டார் பெல்ட்ல ஜடை மாட்டிகிச்சி. தலைத்தோலே கிழிஞ்சி போச்சாம். தார்க்குச்சில நூல் சுத்திகினு கதைப் புஸ்தகம் படிச்சிகினு இருந்துச்சாம்."

"உயிர்...?"

"இருக்குது. திருத்தணி ஆஸ்பத்திரில போட்டுக்கீறாங்க."

தெருவில் எல்லா வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. தினமும் கேட்கிற சத்தம்தான். அன்றைக்கு அது காதைப் பொத்திக்கொள்ளச் சொன்னது.

தலைமையாசிரியர் பஞ்சாட்சரம் அவரை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "ஆஸ்பத்திரிப் பக்கம் போயிடாதீங்கம்மா. கோவத்துல கை வச்சாலும் வைப்பாங்க. புஸ்தகம் யார் குடுத்ததுன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லிடுங்க."

"சார், நான்தானே குடுத்தேன்."

"அதனாலதான் சொல்றேன்."

மத்தியானம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனவர் உள்ளே நுழையாமல் கடைத்தெரு வரை திரும்பி நடந்தார். அங்கே நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு மறுபடி வந்தார்.

வராந்தாவில் துளசிங்கம் குந்தியிருந்தார். சட்டையில் ரத்தம் காய்ந்திருந்தது. டீச்சரைக் கண்டதும் எழுந்தார். ஓங்குதாங்கான ஆள். சுலோச்சனா சுவரோரம் ஒட்டிக்கொண்டார்.

"புஸ்தகம் நான் குடுத்ததுதாங்க" என்றார், அவர் கேட்பதற்கு முன்பே.

துளசிங்கம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். "டீச்சர்ம்மா, போலீஸ்ல கேட்டா இன்னா சொல்வீங்க? சின்னப் பொண்ண தார் சுத்த ஒக்கார வச்சது நான்தான். பெல்ட்டுக்கு மூடி போடுன்னு ஊட்டுக்காரி எத்தினியோ வாட்டி சொன்னா. நான் போடல. என்னைப் புடிச்சிகினு போயிடுவாங்களா?"

சுலோச்சனா சுவரைவிட்டு நகர்ந்து வந்தார். "பாப்பாவப் பாக்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

தலை முழுக்கக் கட்டு. முகம் வீங்கியிருந்தது. டீச்சரைக் கண்டதும் அம்மு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்த தாய் ஜெயம்மாள், "வலிக்குதாடி?" என்று குனிந்தாள்.

"புஸ்தகம் கிழிஞ்சிபோச்சி. டீச்சர் அடிப்பாங்க."

சுலோச்சனா அவளுடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். புறப்படும்போது துளசிங்கம் வாசல்வரை வந்தார். "கோவம் இல்லைங்க. ஆனா இனிமே ஊட்டுக்குப் புஸ்தகம் அனுப்பாதீங்க."

அனுப்பவில்லை. இருந்த புத்தகங்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகள் மேசையைச் சுற்றி நிற்பார்கள். "போங்க, போங்க" என்று விரட்டிவிடுவார்.

ஜூனில், சுலோச்சனாவும் அதே பிள்ளைகளோடு ஐந்தாம் வகுப்புக்கு மாறியிருந்தபோது, அம்மு திரும்பி வந்தாள். தலையில் துணி. ஒரு பக்கம் முடி இனி முளைக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிள்ளைகள் உற்று உற்றுப் பார்த்ததால் கடைசி வரிசையில் குனிந்தபடியே இருந்தாள். அவளுக்குச் செய்ய வேறொன்றும் தோன்றாமல், சுலோச்சனா அந்த வாரம் பெட்டியைத் திறந்தார். கடைசி மணி நேரம் வகுப்பிலேயே படிக்கலாம், புத்தகம் வாசலைத் தாண்டக் கூடாது என்றார். எல்லோரும் பாய்ந்து எடுத்தார்கள். அம்மு தொடவில்லை. ஆடி பிறந்த பிறகு ஒருநாள் தானாக எழுந்து வந்து ஒன்றை எடுத்தாள். அதன்பின் மணி அடித்தாலும் அவளை எழுப்புவது கஷ்டமாக இருந்தது.

தீபாவளிக்கு முன் துளசிங்கம் பள்ளிக்கு வந்தார். "பொண்ணு மீதிக் கதை மீதிக் கதைன்னு உசுர வாங்குது. பெல்ட்டுக்குப் பலகையில பெட்டி அடிச்சிட்டேன். வந்து பாருங்க. அப்புறமா குடுங்க."

சுலோச்சனா போனார். பலகையை ஆட்டிப் பார்த்தார், ஆணி ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார். தறிக்கூடத்துக்கு வெளியே, வேப்பமரத்தடியில் அம்மு உட்காரும் இடத்தையும் காட்டச் சொன்னார். பிறகு மற்றப் பிள்ளைகளின் வீடுகளுக்கும் அப்படியே போனார். சிலர் சிரித்தார்கள், இரண்டு வீட்டில் சண்டைக்கே வந்தார்கள். மூடி இல்லாத வீட்டுக்கு அவர் புத்தகம் அனுப்பவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, முதல் புத்தகத்தை அம்முவிடம் கொடுத்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.