நாலு கட்டையில் அப்பாவின் பாட்டு

பாட்டு பதிவான சனிக்கிழமை மத்தியானம் அந்த அறையில் இருந்தது மூன்று பேர். அப்பா, நான், என் பள்ளிக்கூடக் கூட்டாளி. கூட்டாளி ஈப்போவில் கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டுகிறவன். மற்ற நேரத்தில் தன் படுக்கையறையில் லாப்டாப்பை வைத்துக்கொண்டு டான்ஸ் பாட்டு செய்கிறவன். இல்லாதவர்களும் மூன்று பேர். அம்மாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட். கீபோர்டு மாமா தாப்பாவில் இருந்தார், தபேலா மாமா லகாட்டில் இருந்தார். ரப்பர் தோட்டத்துத் திருவிழாக்களிலும் கல்யாணங்களிலும் முப்பது வருஷம் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர்கள். அவர்கள் வரவில்லை என்று எழுதினால் பொய். நாங்கள் கூப்பிடவில்லை.

"எல்லா வாத்தியமும் இதுக்குள்ளயே இருக்கு அங்கிள்" என்று கூட்டாளி லாப்டாப்பைத் தட்டினான்.

எதிரொலி வராமல் இருக்க, தன் படுக்கையறைச் சுவரில் இரண்டு மெத்தைகளைச் சாய்த்து வைத்திருந்தான். அப்பா மைக் முன்னால் நின்று, பழக்கத்தில், இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். மேடையில் கீபோர்டு மாமா சுருதி கொடுக்கிற பக்கம் அது. அங்கே துணி அலமாரி இருந்தது. அப்பா அலமாரியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பாட ஆரம்பித்தார்.

அது அவர்களுடைய சொந்தப் பாட்டு. ரப்பர் மரம் இருந்த காலத்தில் அப்பா வரி எழுதி, கீபோர்டு மாமா மெட்டுப் போட்டது. கடைசி பஸ்ஸை விட்டுவிட்ட ஒருவன் கூட வந்த பெண்ணைக் கூப்பிடுகிறான்: "பஸ்ஸு போயிருச்சு, நடந்தே போலாம் வா." அந்த 'வா'வை அப்பா இழுப்பார். கூட்டம் விசிலடித்தால் இன்னும் இழுப்பார். எவ்வளவு என்று கணக்கே கிடையாது.

மறுவாரம் கூட்டாளியிடமிருந்து மெசேஜ். "மச்சான், டான்ஸுக்குக் கொஞ்சம் டல்லா இருக்கு. பிட்ச் ஏத்திக்கிறேன். ஓகேவா?"

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். கரண்ட் பில், அம்மாவின் கிளினிக் கார்டு, அப்பாவின் வேலை விண்ணப்பப் பாரம், எல்லாம் என் கைக்குத்தான் வரும். "படிச்சவன் பாத்துக்குவான்" என்பார்கள். கேட்டவுடன் பதில் சொல்லிச் சொல்லி, எனக்குத் தெரியாது என்று சொல்வதே மறந்துவிட்டது. பிட்ச் என்றால் ஏதோ ஒலி சம்பந்தப்பட்டது என்ற அளவில் 'ஓகே' என்று அனுப்பினேன். அப்பாவிடம் கேட்கவில்லை.

பாட்டு வெளிவந்ததும் முதலில் கேட்டது அம்மா. "இது உங்கப்பா இல்ல. உங்கப்பாவோட தம்பி" என்றார். அப்பா போனைக் காதில் வைத்துச் சிரித்தார். "இருபது வயசுல நான் இப்படித்தான் பாடுனேன். நீ அப்ப கேக்கலை."

பிறகு அது ஓடியது. எப்படி ஓடியது என்று எனக்கும் தெரியாது, கூட்டாளிக்கும் தெரியாது. யாரோ ஒரு பெண் பஸ் ஸ்டாப்பில் ஆடி வீடியோ போட்டாள். அப்புறம் எல்லாரும் ஆடினார்கள். அப்பா ஒரு பள்ளிக்கூட வாசலில் காவல் நிற்கிற ஜாகா வேலை பார்க்கிறார். காலையில் கேட்டுக்குள் நுழைகிற மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள்கூட அவரைப் பார்த்து வீடியோவில் வந்த அந்த இரண்டு எட்டு ஆட்டத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள். அப்பா கம்பைத் தூக்கி மிரட்டுவது போல மிரட்டுவார். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்த ஆரம்பித்தது அந்த மாதம்தான்.

எங்கள் பழைய தோட்டத்து ஆட்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஈப்போவில் ஒரு மண்டபம் எடுத்துக் கூடுவார்கள். தோட்டம் இப்போது வரிசை வீடுகள் கட்டித் தாமானாகிவிட்டது, ஆட்கள் மட்டும் கூடுகிறார்கள். அந்த வருஷத்து ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அப்பாவைப் பாடக் கூப்பிட்டார்கள். எண்ணூறு வெள்ளி தருவதாகச் சொன்னார்கள்.

"ஈஸி அங்கிள்" என்றான் கூட்டாளி. "நான் பாட்டைப் போட்டு விடுறேன். நீங்க வாய மட்டும் அசைங்க. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க லா."

"வாய மட்டும் தொறக்கறதுக்கு நான் என்ன பல்லு டாக்டர்கிட்டயா வந்திருக்கேன்? அங்க வாரவங்க எல்லாம் என் தொண்டையில சளி கட்டுனாக்கூடக் கண்டுபிடிக்கிற ஆளுங்கடா."

பாடியே தீருவேன் என்று வீட்டில் பாட்டைப் போட்டுக் கூடவே பாடிப் பார்த்தார். இரண்டாவது வரியில் குரல் உடைந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பாடினார். மறுபடி அதே இடத்தில் உடைந்தது. மூன்றாம் தடவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் ஒண்ணரைக் கட்டையிலதான் பாடுனேன். இது நாலு கட்டை."

குரல் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைப் பாடகர்கள் கட்டையில்தான் சொல்வார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மெசேஜைத் திறந்து அவரிடம் காட்டினேன். கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார். என் 'ஓகே'யையும் படித்தார்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவருடைய சொந்தப் பாட்டை, அவரை அறிந்த ஆட்கள் முன்னால், அவரே பாட முடியாதபடி செய்தது நான்.

கூட்டாளியைக் கூப்பிட்டேன். பதறிப்போனான். "சாரி அங்கிள், இறக்கிடலாம், அஞ்சு நிமிஷ வேலை." சொன்னபடியே ஒண்ணரைக் கட்டைக்கு இறக்கிக் கொண்டுவந்தான். இந்தத் தடவை குரல் உடையவில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு 'வா'வை இழுத்தார். லாப்டாப் காத்திருக்கவில்லை. அவர் கண்ணைத் திறந்தபோது அது அடுத்த சரணத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"பஸ்ஸு நெசமாவே போயிருச்சு" என்றார் அப்பா. கூட்டாளிதான் முதலில் சிரித்தான். அப்புறம் அப்பாவும்.

"எத்தனை நொடி இழுப்பீங்கன்னு சொல்லுங்க அங்கிள், இடம் விட்டுத் தர்றேன்."

"அது எனக்கே தெரியாதேடா. ஜனங்க மொகத்தைப் பாத்தாத்தான் தெரியும்." என் பக்கம் திரும்பிச் சொன்னார். "வண்டிய எடு. தாப்பாவுக்குப் போலாம்."

கீபோர்டு மாமா தாப்பாவில் காய்கறிக் கடையில் மலையிலிருந்து இறங்கிய முட்டைக்கோஸை அடுக்கிக்கொண்டிருந்தார். கீபோர்டை விற்று ரெண்டு வருஷமாகிறதாம். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்தாரே தவிர நாற்காலி போடவில்லை.

"வாங்க ஸ்டார் அண்ணே. கையெழுத்துப் போடத்தானே வந்தீங்க? முட்டைக்கோஸ்லயே போடுங்க, நல்ல வெலைக்குப் போகும்."

"மெட்டு உன்னுதுன்னு பேரைப் போட்டிருக்கோம்டா."

"பாத்தேன். பேரப் போட்டீங்க. ஆளக் கூப்பிடல."

கடை வாசலில் ஒரு பஸ் வந்து நின்று போனது. பிறகு அப்பா, "தப்புத்தான்" என்றார். "அன்னிக்கு ஒன் பக்கம் திரும்பிப் பாத்தேன். அலமாரி இருந்துச்சு."

கீபோர்டு மாமா ஒரு முட்டைக்கோஸைத் திருப்பி வைத்தார். "எத்தனை கட்டை?"

"ஒண்ணரை."

"போன்ல நாலு கேட்டுச்சு. எந்தச் சின்னப் பையனயோ பாட வெச்சு ஒங்க பேரைப் போட்டுட்டாங்கன்னு நெனச்சேன்."

"இவரு ஓகே சொல்லிட்டாரு" என்று அப்பா என்னைக் காட்டினார். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "படிச்ச புள்ளயாச்சே" என்றார். அதற்கப்புறம்தான் நாற்காலி வந்தது. லகாட் தபேலா மாமாவுக்கு அங்கிருந்தே அவர்தான் போன் போட்டார். "அண்ணே வந்திருக்காரு. அழுவுற மாதிரி இருக்காரு, ஞாயித்துக்கிழமை வாசிக்க சீக்கிரம் சரின்னு சொல்லு."

விருந்தன்றைக்கு எல்லாரும் இருந்தோம். அம்மா லீவு போட்டிருந்தார். கூட்டாளி லாப்டாப்பை வீட்டில் விட்டுவிட்டு, கையால் தட்டினால் டிரம் சத்தம் வருகிற ஒரு சின்னப் பெட்டியை மட்டும் கொண்டுவந்து தபேலா மாமா பக்கத்தில் உட்கார்ந்தான். "என் கையப் பாரு தம்பி, அவரு வாயப் பாக்காத, ஏமாந்துருவ" என்று மாமா சொல்லிவைத்தார்.

பாட்டு ஆரம்பித்ததும் முன்வரிசையில் ஆடத் தயாராக நின்ற பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போனில் கேட்ட குரல் இல்லை. இது கனமாக, மெதுவாக வந்தது. ஒரு பெண் போனை இறக்கினாள். பின்னால் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர்கள்தான் முதலில் தலையைத் தூக்கினார்கள். யாரோ விசிலடித்தார். 'வா' வந்தது. அப்பா இழுத்தார். தபேலா நின்றது, கீபோர்டு ஒரே சுரத்தில் நின்றது, கூட்டாளியின் கை பெட்டிக்கு மேலே அப்படியே நின்றது. அப்பா கூட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். பிறகு இடது பக்கம் திரும்பித் தலையாட்டினார். நான்கு பேரும் ஒன்றாகத் தாளத்தில் இறங்கினார்கள். பிள்ளைகளும் ஆட ஆரம்பித்துவிட்டார்கள், கொஞ்சம் தாமதமாக.

கீபோர்டு வாடகை, தாப்பாவுக்கும் லகாட்டுக்கும் போய் வந்த வேன், மாமாக்கள் இருவருக்கும் கூட்டாளிக்கும் கொடுத்தது, எல்லாம் சேர்ந்து மண்டபத்தில் கொடுத்த எண்ணூறைத் தாண்டிவிட்டது. குறைந்த பணத்தை அப்பா தன் பையிலிருந்து எடுக்க வந்தார். நான் விடவில்லை. அந்த 'ஓகே'க்கு என் சம்பளத்திலிருந்து போனது அறுபத்தைந்து வெள்ளி.