வேலி இல்லாத ஒரு நாள்

முகம் தெரியாத ஒரு பஸ் நிறைய ஆட்களுக்கு எப்படி நன்றி சொல்வது? போன கோடையிலிருந்து இந்தக் கேள்வியோடு அலைகிறேன். இன்னும் பதில் கிடைக்கவில்லை.

நாங்கள் இருப்பது நெய்வேலி டவுன்ஷிப்பில். கணவருக்கு மைன்ஸில் வேலை. எங்கள் குவார்ட்டர்ஸைச் சுற்றி செம்பருத்தியும் பூவரசும் காட்டாமணக்கும் பின்னிக் கிடந்த பழைய செடிவேலி இருந்தது. அதில் அங்கங்கே ஓட்டை. மகளுக்கு அப்போதுதான் இரண்டு வயது முடிந்திருந்தது. அவளுக்கு நடை என்பதே கிடையாது, ஓட்டம்தான். எந்த ஓட்டையில் நுழைந்து வெளியே போவாளோ என்று எனக்கு எப்போதும் பயம். அதனால் கம்பி வேலி போடுவது என்று முடிவானதும் கால் தரையில் நிற்கவில்லை.

"லைன் போற எடத்த மட்டும் சுத்தம் பண்ணி வெச்சிருங்கம்மா, காலைல வந்துர்றோம்" என்றார் வேலி போடுபவர். முத்தாண்டிக்குப்பத்துக்காரர். செய்வதைத் திருத்தமாகச் செய்வோமே என்று, கணவரின் வார லீவு அன்று இருவருமாகப் பழைய வேலி முழுவதையும் வெட்டிச் சாய்த்தோம். உள்ளேயிருந்து தொலைந்துபோன பந்துகள், ஒற்றைச் செருப்பு, ஒரு கரண்டிகூடக் கிடைத்தது! நூல் பிடித்து, கோலமாவால் நேராகக் கோடு போட்டேன். எதிர் குவார்ட்டர்ஸ் அக்கா, திருநெல்வேலிக்காரர், எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"ஏ பிள்ள, வேலி போடப் போறியா, கல்யாணப் பந்தல் போடப் போறியா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலையில் போன் வந்தது. லாரி கிடைக்கவில்லையாம், நாளைக்குத்தான் வருவார்களாம். கணவர் ஷிஃப்டுக்குப் போய்விட்டார். நாலு பக்கமும் திறந்து கிடக்கிற வீட்டில் நானும் மகளும் மட்டும். அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஓட்டை வேலியும் ஒரு வேலிதான் என்று. காலை முழுக்க அவள் பின்னாலேயே சுற்றினேன். மதியம் குக்கர் கத்தியது. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினேன். அவ்வளவுதான்.

மகளைக் காணவில்லை.

வெட்டிப் போட்ட பூவரசுத் தழையை ஏதோ மாடு வந்து மேய்ந்துவிட்டுப் போயிருந்தது. கோலமாவுக் கோடு கலைந்து கிடந்தது. அங்கிருந்து தார் ரோட்டில் குளம்புத் தடம். அதன் பின்னாலேயே குட்டிக் குட்டியாக வெள்ளைக் கால் தடம்! செருப்புகூடப் போடாமல் ஓடினேன். தெரு முனையில் மாவுத் தடம் தேய்ந்து மறைந்தது. அதற்கு அப்பால் மெயின் ரோடு. மைன்ஸுக்கு செகண்ட் ஷிஃப்ட் பஸ்கள் வரிசையாகப் போகிற நேரம்.

அங்கே ஒரு பஸ் குறுக்காக நின்றுகொண்டிருந்தது. நடு ரோட்டில் ஹெல்மெட் போட்ட ஆண்கள் கைகோத்து வட்டமாக நின்றார்கள். வட்டத்துக்குள் அந்த மாடு. அதன் அறுந்த கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, சிரித்தபடி என் மகள்.

"கிட்ட வராதீங்கம்மா! மாடு மெரண்டா கொழந்தைய இழுத்துக்கினு போயிரும்" என்று ஒருவர் மெல்லிய குரலில் தடுத்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். இன்னொருவர் டிபன் பாக்ஸைத் திறந்து மாட்டின் முன்னால் நீட்டினார்.

"யோவ், அது என் தயிர்சாதம்யா!"

"சும்மா இருய்யா, மாடு சாப்பிடட்டும்."

அந்த நிலையிலும் வட்டம் முழுக்கச் சிரிப்பு. பின்னால் நின்ற பஸ்களிலிருந்து ஒரு ஹாரன்கூடக் கேட்கவில்லை. மாடு தயிர்சாதத்தில் வாய் வைத்ததும் ஒருவர் மண்டியிட்டு, மகளின் கையிலிருந்து கயிற்றைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். அடுத்த நொடி அவள் என் இடுப்பில் இருந்தாள். "ம்மா வேணும்" என்று மாட்டைக் கேட்டு ஒரே அழுகை.

"வூட்டுக்கு வேலி இல்லீங்களா?" என்றார் கயிற்றைப் பிரித்தவர்.

"நாளைக்குப் போடறாங்கண்ணா."

"சரிங்க. இன்னிக்கு?"

அதற்குள் டிரைவர், "ஏறுங்கய்யா, லேட்டுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்று குரல் கொடுத்தார். எல்லோரும் ஏறிவிட்டார்கள். நன்றி என்ற ஒரு வார்த்தைகூட என் வாயிலிருந்து வரவில்லை. எல்லோர் தலையிலும் ஒரே மாதிரி ஹெல்மெட். ஒரு முகம்கூட நினைவில் இல்லை.

மறுநாள் கம்பி வேலி வந்துவிட்டது, நல்ல உறுதியான வேலி. ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம், முந்தின நாள் ரோட்டில் கைகோத்து நின்ற வேலிதான் ஞாபகம் வருகிறது. கணவர் மைன்ஸில் விசாரித்துப் பார்த்தார். ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருப்பதால் அன்று அந்த பஸ்ஸில் யார் யார் என்று தெரியவில்லை. அதனால் நானும் மகளும் தெரு முனையில் நின்று, வருகிற எல்லா பஸ்ஸுக்கும் கை காட்டுகிறோம். எல்லா பஸ்ஸிலிருந்தும் யாராவது பதிலுக்குக் கை காட்டுகிறார்கள். அவர்களாக இருக்குமா என்று ஒவ்வொரு முறையும் மனசு படபடக்கிறது.

இது போதுமா? தயிர்சாதத்தைப் பறிகொடுத்தவருக்காவது ஒருநாள் சாதம் கட்டிக் கொடுக்க வேண்டாமா? என்ன செய்யலாம், சொல்லுங்களேன்.