ரெண்டாவது வளையம்

ஆயில் ஃபில்டர் மாட்டுவதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை. நான் ஐந்தாம் வகுப்பு. அதிலும் முழுப்பரீட்சை அன்றைக்குக் காய்ச்சல். இன்றைக்குத் திருமயம் ரோட்டில் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற ஒர்க்ஷாப் என்னுடையது. பொன்னமராவதிப் பக்கத்திலிருந்துகூட டிராக்டரை ஓட்டிவந்து நிறுத்திவிட்டு, "அண்ணன் கை பட்டாப் போதும்" என்று சொல்லிப் பஸ் ஏறிப் போகிறார்கள். மாட்டிய ஃபில்டரை ஒரு தடவை நான் தடவிப் பார்க்காமல் எந்த வண்டியும் என் வாசலைத் தாண்டாது. என் விரல் நுனியில் ஒரு கண் இருக்கிறது. அது திறந்த நாளைத்தான் இங்கே எழுதுகிறேன். யாரும் திறந்துவிடவில்லை. நானாகத் திறந்தது.

எங்களுக்கு ஜெகதாப்பட்டினம். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு விசைப்படகு இருந்தது. பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவரவில்லை. நானும் பள்ளிக்கூடத்துக்கு ஒத்துவரவில்லை. இரண்டு பேரும் சண்டையில்லாமல் பிரிந்துகொண்டோம். பிரிந்த மறுவாரமே அப்பா முடிவு சொல்லிவிட்டார். பையன் கடலுக்கு வரட்டும்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வயதுப் பையன்கள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருக்கும்போது நான் வலை இழுக்கப் போகிறேன். ஆனால் ஆத்தா மட்டும் அடுப்படியிலிருந்தே விடாமல் சண்டை போட்டார்.

"ஏங்க, எதுத்த வீட்டுப் பயலக் கடல்ல வச்சு அங்கிட்டு நேவிக்காரங்க புடிச்சிட்டுப் போனாங்களே, இன்னும் வந்து சேரல. அவன் ஆத்தா சோறு தண்ணி இல்லாமக் கெடக்குறா. இது பச்ச மண்ணுங்க."

"புடிச்சா விட்டுட்டுப் போறாங்க. பள்ளிக்கூடத்துல அஞ்சு வருசம் புடிச்சு வச்சிருந்தாங்களே, என்னத்தக் கிழிச்சான்?"

அப்பா பேச்சில் கெட்டிக்காரர். எனக்கும் அந்தக் கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் வந்திருக்கிறது.

அப்பாவின் படகில் எஞ்சினைப் பார்த்துக்கொண்டவர் என் தாய்மாமா, ஆத்தாவின் தம்பி. படகை ஓட்டுவதும் அவர்தான். டிரைவர் என்றால் அந்தத் துறைமுகத்தில் அவர்தான் டிரைவர். அடுத்தவன் படகின் எஞ்சின் இருமினால் ஐஸ் பிளாண்ட் வாசலில் டீ குடித்துக்கொண்டிருக்கிற மாமாவுக்குப் புரையேறும் என்று சொல்வார்கள். "தெரியாது" என்றோ "தப்பு" என்றோ அவர் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்து யாரும் கேட்டதில்லை. வெற்றிலை போட்டுத் துப்பும்போதுகூடச் சரியான இடத்தில்தான் துப்புவார்.

நான் முதன்முதலாகக் கடலுக்குப் போவதற்கு அப்பா ஒரு நல்ல நாள் பார்த்துவைத்தார். அதற்கு முந்தின நாள் பொழுது சாய்கிற நேரத்தில் மாமா எஞ்சினுக்கு ஆயில் மாற்றினார். நானும் கூட எஞ்சின் குழிக்குள் இறங்கினேன். புகையும் மீன் நாற்றமும் கலந்து கிடக்கும் அந்தக் குழிக்குள் அவர் குனிந்திருக்க, நான் எதிரில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய ஃபில்டரைத் திருகிக் கழற்றினார். அதன் வாயில் இருக்கவேண்டிய ரப்பர் வளையம் அதனோடு வரவில்லை, எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டது. சூட்டில் இறுகிப்போனால் அப்படித்தான் ஒட்டும். நகத்தால் நெம்பி அதை எடுத்தார். அது உட்கார்ந்திருந்த இடத்தைத் துணியால் துடைத்து, விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். புது ஃபில்டரின் வளையத்தில் புது ஆயிலைத் தொட்டுத் தடவினார். கையாலேயே திருகினார். வளையம் போய்த் தொட்டதும், அதற்குமேல் முக்கால் சுற்று. ஸ்பேனர் போடவில்லை. மூச்சைப் பிடித்து இறுக்கவில்லை. இறுக்கினால் ரப்பர் பிதுங்கிவிடும், இறுக்காவிட்டால் ஒழுகும். பிறகு எஞ்சினைக் கொஞ்சநேரம் ஓடவிட்டு, ஃபில்டருக்கு அடியில் ஒரு காகிதத்தை நீட்டிப் பிடித்தார். காகிதம் வெள்ளையாகவே இருந்தது.

பழைய வளையத்தை என்னிடம் தூக்கிப் போட்டார். "இந்தாடா, காப்பு." நான் அதைக் கையில் மாட்டிக்கொண்டேன். கொஞ்சம் தொளதொளவென்று இருந்தாலும் எனக்கு அது தங்கக்காப்புதான். எங்கள் வீட்டில் அந்த வளையங்களை யாரும் தூர எறிய மாட்டார்கள். ஆத்தா மாங்காய் ஊறுகாய் ஜாடியின் வாயில் துணியைப் போட்டு, அதற்குமேல் அப்படியொரு வளையத்தைத்தான் இழுத்து மாட்டி வைத்திருப்பார். எறும்பு நுழையாது என்பார்.

மறுநாள் காலையில் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, வலது காலை எடுத்துவைத்து நான் படகில் ஏறினேன். ஆத்தா கரைக்கு வரவில்லை. எங்களுக்கு முன்னாலேயே மாமா படகில் இருந்தார். கையெல்லாம் ஆயில். முந்தின நாளே முடித்த வேலைக்குக் காலையில் ஏன் கை கறுப்பாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அந்த வயதிலேயே எனக்குக் கவனிப்பு அப்படி. ஆனால் சூடத்தட்டில் இருந்த தேங்காய்ச் சில்லு என்னை வேறு பக்கம் இழுத்துவிட்டது.

துறைமுக வாயைத் தாண்டும்வரை மாமாதான் ஓட்டினார். தாண்டியதும், "மச்சான், சுக்கானக் கொஞ்சம் புடிங்க, வாரேன்" என்று அப்பாவிடம் கொடுத்துவிட்டுக் கீழே எஞ்சினுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அப்பா என்னையும் சுக்கானில் கைவைக்கச் சொன்னார். நான் பிடித்தேன். கடலை நானே ஓட்டுவதுபோல் இருந்தது. அப்பா வேகத்தைக் கூட்டினார்.

கூட்டிய சற்று நேரத்தில் எஞ்சின் சத்தம் நின்றுவிட்டது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். மாமா எஞ்சினை அணைத்துவிட்டு நின்றார். அவர் காலடியில் ஆயில் கறுப்பாகப் பரவிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் எஞ்சின் இறுகிச் செத்திருக்கும். சரியான நேரத்தில் அணைத்தார். அந்தச் சரியான நேரத்துக்கு அவர் பக்கத்திலேயே காத்துக்கொண்டிருந்தார் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

பின்னால் வந்த படகு ஒன்று கயிறு போட்டு எங்களைக் கரைக்கு இழுத்துவந்தது. முதல்நாள் போய் முதல்நாளே கயிற்றில் திரும்பிய ஆள் எங்கள் கரையில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். இந்தப் பெருமையும் எனக்குத்தான்.

கரையில் கட்டியதும் எங்கள் படகில் வந்த ஆட்களில் மூத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாததுபோல் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"பய காலு வச்ச நேரம்."

இன்னொருவர், "மொத நாளே கயித்துல வந்த பயல இனி எந்தப் போட்டுல ஏத்துறது?" என்றார்.

அப்பாவின் முகம் செத்துப்போனது. கடலில் அது சின்னப் பேச்சில்லை. ஒருவன் ராசியில்லாதவன் என்று பெயர் விழுந்துவிட்டால், அவன் ஏறுகிற படகில் மற்றவர்கள் ஏற மாட்டார்கள். அப்பாவே நினைத்தாலும் என்னை ஏற்ற முடியாது. மாமா கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எஞ்சின் ஒழுகியதற்கும் என் காலுக்கும் என்ன சம்பந்தம்? யாரையும் கேட்காமல் குழிக்குள் இறங்கினேன். "ஏய், சுடும்டா, மேல ஏறு!" என்று மாமா கத்தினார். அவர் அப்படிப் பதறி நான் பார்த்ததில்லை. சாக்குத்துணியால் ஃபில்டரைப் பிடித்துக்கொண்டு அதன் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினேன். முந்தின நாள் மாமா தடவினாரே, அதேபோல. ஓரிடத்தில் ரப்பர் உதடுபோலப் பிதுங்கி வெளியே நின்றது. திருகிக் கழற்றினேன். வளையம் ஒன்று ஃபில்டரில் இருந்தது. இன்னொன்று அதன்மேல் கோணலாக மடங்கிக் கிடந்தது.

"ரெண்டு வளையம் இருக்கு! ஒன்னுமேல ஒன்னு ரெண்டு!" என்று கூவிக்கொண்டு இரண்டையும் தூக்கிப் பிடித்தபடி மேலே ஏறிவந்தேன்.

ஒர்க்ஷாப்பில் சேருகிற ஒவ்வொருவனிடமும் நான் இன்றைக்கும் சொல்வது இதைத்தான். ஒரு வளையம் அடைக்கும். இரண்டு வளையம் ஒழுகும். மெதுவாக ஓடும்வரை தாங்கும். அழுத்தம் ஏறினால் ஒன்று வழுக்கி வெளியே வந்துவிடும். பிறந்ததிலிருந்து எஞ்சினோடு பழகிய ஆட்கள் கூடி நின்ற கரையில், வாய்ப்பாடு தெரியாத நான் அதைக் கண்டுபிடித்தேன்.

மூத்தவர் வளையங்களை வாங்கிப் பார்த்தார். "அடேய், ஆமா. பழசு ஒட்டிக்கிட்டு இருந்துருக்கு. பாக்காம மாட்டிருக்கு." துண்டை மறுபடி உதறினார். "அப்பப் பய காலு நல்ல காலுதான்." எல்லாருடைய தலையும் மாமாவின் பக்கம் திரும்பியது.

அப்பா கேட்டார். "மாப்ளே, பழச எடுக்கலயா நீ?"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார்.

"மறந்துட்டேன் மச்சான்."

அதை என்னால் பொறுக்க முடியவில்லை. உண்மை என்றால் உண்மை. அன்றைக்கும் இன்றைக்கும் நான் அப்படித்தான். "இல்லப்பா, மாமா எடுத்தாரு. நகத்தால எடுத்தாரு. இந்தா பாருங்க, என் கையில..." என்று மணிக்கட்டை உயர்த்தினேன். சொல்லி முடிப்பதற்குள் மாமா என் கையை எட்டிப் பிடித்து, காப்பை உருவித் தண்ணீரில் வீசிவிட்டார்.

"அது எப்பவோ கழட்டுனதுடா. ஒனக்குக் கண்ணு கூடிப்போச்சு."

நான் அழுதேன். காப்பு போனதற்காகத்தான். அழுதுகொண்டே இன்னொன்றும் சொன்னேன். "ஒரு வளையம் மாங்கா ஊறுகா வாசம் அடிக்குது."

கரையே சிரித்தது. "பசிக்குது புள்ளைக்கு! கூட்டிட்டுப் போயிச் சோத்தப் போடுங்கப்பா." மாமாவும் சிரித்தார். ஆனால் மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவர் கொஞ்சநேரம் சிரித்துக்கொண்டே இருந்தார்.

அப்பா சிரிக்கவில்லை. "பொண்ணெடுத்த வீட்டு ஒறவு வேற, எஞ்சின் வேற. இனிமே என் போட்டுல நீ ஏற வேணாம் மாப்ளே" என்றார். மாமா சரி என்று தலையாட்டிவிட்டுத் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினார். அன்றைக்குக் கடலுக்குப் போன மற்ற படகுகள் நிறைய இறாலோடு திரும்பி வந்தன. ஒருவரையும் யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. அது வேறு அப்பாவின் வயிற்றெரிச்சல்.

ஐஸ் பிளாண்ட் வாசலில் அதற்குப் பிறகு மாமாவுக்குப் புரையேறும் பேச்சை யாரும் பேசவில்லை. "வளையம் மறந்த டிரைவர்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். வேறு படகிலும் அவரைக் கூப்பிடவில்லை. திருமயத்தில் லாரி ஒர்க்ஷாப் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார்.

என் விஷயம் எப்படி முடிந்தது என்றால், அப்பா டீக்கடை டீக்கடையாக என் புகழ் பாடிக்கொண்டிருந்தார். "பெரிய பெரிய கையெல்லாம் முழிச்சுக்கிட்டு நிக்கிது, எம் மகன் விரல வச்சான் பாரு!" வேறு டிரைவர் கிடைத்ததும் என்னை மறுபடி படகில் ஏற்றுவதாகத்தான் இருந்தார். ஆத்தா இந்தத் தடவை சண்டை போடவில்லை. குழம்பை ஊற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"ஊரே சொல்லுது ஒங்க மகனுக்கு எஞ்சின் கண்ணுன்னு. வல இழுக்க ஆளா இல்ல? அந்தக் கண்ண ஒர்க்ஷாப்புல விட்டா ஒங்க பேரச் சொல்லுமுங்க."

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தி யோசித்தார். தன் பெயர் என்றால் அப்பா யோசிப்பார். நான் திருமயத்துக்குப் போனது அப்படித்தான். மாமாவின் பக்கத்திலேயே எனக்கும் இடம். என் திறமையைப் பார்த்து அப்பாவே இறங்கிவந்தார் என்று பல வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல நன்றாகத்தான் இருந்தது.

படகு கயிற்றில் திரும்பிய அன்றைக்கு மத்தியானம் மாமா எங்கள் வீட்டுக்குத்தான் சாப்பிட வந்தார். அப்பா கரையிலிருந்து இன்னும் வரவில்லை. படகை நிறுத்தி வைத்துவிட்டு வந்த தம்பியை ஆத்தா ஒரு வார்த்தை திட்டவில்லை. முதல் இலையை அவருக்குப் போட்டார், எனக்கு இரண்டாவதுதான். கண்டுபிடித்தவன் நான், பாராட்டு ஒன்றும் காணோமே என்று எனக்கு முகம் தொங்கிப்போயிற்று.

ஆத்தா ஊறுகாய் ஜாடியை எடுத்துவந்தார். வாயில் போட்டிருந்த துணி, வலை பின்னுகிற நூலால் சுற்றிக் கட்டியிருந்தது. முடிச்சை அவிழ்க்க நேரமானது.

"ரப்பரு எங்கத்தா?"

"இத்துப்போச்சு" என்றார், மாமாவைப் பார்க்காமல். மாமாவும் இலையைவிட்டுத் தலை நிமிரவில்லை.

எனக்கு வழக்கத்தைவிடப் பெரிய துண்டமாக எடுத்து வைத்தார். கரையில் அத்தனை கண்களுக்கு முன்னால் இரண்டாவது வளையத்தைக் கண்டுபிடித்தவன் நான். அது எந்த வீட்டு வளையம், யாருக்காக அங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை. கொட்டைவரை சப்பிச் சாப்பிட்டேன். ஊறுகாய் அன்றைக்கு நன்றாக இருந்தது.