வெள்ளைக் குதிரைக் குன்றில் தோழன் கேட்டு

மே மாதத்தில் ஒஸ்லோவில் விடுமுறைகள் அடுத்தடுத்து வரும். அப்படிக் கிடைத்த நான்கு நாட்களில் இங்கிலாந்து போய்வந்தேன். வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்குப் பார்க்க என்று வீட்டில் சொன்னேன். அதுவும் பொய்யில்லை. ஆனால் அண்ணாவிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

செப்டெம்பரில் எனக்குக் கல்யாணம். மண்டப வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைத்துவருவது பெண்ணின் சகோதரன். தோழன் என்போம். என் ஒரே சகோதரன் படிப்பைப் பாதியில் விட்டு, அப்பாவோடு சண்டை பிடித்து, சுவிண்டனுக்குப் போய் நான்கு வருடம்.

லண்டன் பாடிங்டனிலிருந்து சுவிண்டனுக்கு ரயிலில் ஒரு மணி நேரம். அங்கிருந்து அண்ணாவின் காரில் பதினெட்டுக் கிலோமீற்றர். காலை 8.40க்குக் குன்றில் காரை நிறுத்தினோம். சரிவில் வெட்டியிருக்கும் வெள்ளைக் குதிரை உருவத்துக்குப் பத்து நிமிட நடை.

குதிரை இல்லை. முதலில் அப்படித்தான் இருந்தது. புல்லுக்குள் அகலமான வெள்ளைக் கோடுகள், சுண்ணக்கல் இடித்து நிரப்பியவை. நூற்றுப் பத்து மீற்றர் நீளம். எது கால், எது கழுத்து? மூவாயிரம் வருடமாக ஆட்கள் முழங்காலில் நின்று புதுக்கல் இடித்துப் போடுகிறார்கள். விட்டால் புல் மூடிவிடும்.

கீழே பள்ளத்தாக்கு பனிப்புகாருக்குள் இருந்தது. செம்மறிகளின் சத்தம் மட்டும் மேலே வந்தது. நான் எங்கே நிற்கிறேன் என்பது கொஞ்ச நேரம் முக்கியமாக இல்லை. அப்போதே கேட்டேன்.

"அண்ணா, தோழனா வாறீங்களோ?"

"அப்பா சொல்லிவிட்டவரோ?"

"இல்லை. நான் கேக்கிறன்."

"மாமான்ர மகன் சுதனைக் கேளன். தோழனுக்கு மோதிரம் போடுவினம் எண்டால் அவன் ஓடி வருவான்."

நான் சிரிக்கவில்லை. அவர் நடக்கத் தொடங்கினார்.

குன்றின் முதுகில் பழைய பாதை ஒன்று போகிறது. மேற்கே இரண்டரைக் கிலோமீற்றரில் கல்லறை. ஐயாயிரம் வருடத்துக்கு மேற்பட்டது. பீச் மரங்கள் சுற்றி நிற்க, ஆளைவிட உயர்ந்த கற்கள். உள்ளே குனிந்து போனால் குளிர். அரை மணி நேரம் இருந்தோம்.

திரும்பும்போது நான் முன்னால் போனேன். பாதை சுற்றிப் போனது. கீழே ஒரு காடு தெரிந்தது. இறங்கிவிட்டேன். நோர்வேயில் வளர்ந்தவளுக்குக் காட்டைக் கண்டால் கேட்கத் தோன்றாது. அங்கே காட்டில் யாரும் நடக்கலாம். நிலமெல்லாம் நீலப்பூ. வெளிச்சமும் நீலமாக இருந்தது. பதினைந்து நிமிடம் போயிருப்போம். இறப்பர் சப்பாத்துப் போட்ட ஒரு பெண், பக்கத்தில் நாய்.

"வழி தவறிவிட்டீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை, நல்லாயிருக்கிறோம்" என்றேன்.

அவர் அண்ணாவைப் பார்த்தார். அண்ணா மன்னிப்புக் கேட்டார். அது அந்தப் பெண்ணுடைய காடு. வந்த வழியே எங்களைத் திருப்பி அனுப்பினார், மிக மரியாதையாக.

"வழி தவறிட்டியளோ எண்டால், இஞ்சை உங்களுக்கு என்ன வேலை எண்டு அர்த்தம்" என்றார் அண்ணா.

"தெரிஞ்சால் ஏன் மறிக்கேல்லை?"

"நீ ஒஸ்லோக் காட்டுக்குள்ளை போற மாதிரிப் போனாய். நான் அப்பிடி நடந்து கனகாலம்."

ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. அவர் நின்றார்.

"அப்பா வாசலிலையோ நிப்பார்?"

"ஓம். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில."

"கால் கழுவேக்கை குனிஞ்சுதானே இருப்பன். முகம் பாக்கத் தேவையில்லை."



போகிறவர்களுக்கு: வரைபடத்தில் பொதுப்பாதையைக் காட்டும் பச்சைக் கோடு இருந்தால் மட்டும் நடவுங்கள். பேருந்தை நம்பாதீர்கள். கல்லறைக்குப் போய்வர இரண்டு மணி நேரம் வையுங்கள். குதிரையை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் குன்றில் நிற்கக்கூடாது. வடக்கே மூன்று, நான்கு கிலோமீற்றர் தள்ளிப் போக வேண்டும். நாங்கள் பின்னேரம் அப்படிப் போனோம். புகார் விலகியிருந்தது. குதிரை ஓடிக்கொண்டிருந்தது.

போன கிழமை அண்ணா, தோழன் வைக்கும் தலைப்பாகைக்கு அளவு அனுப்பினார். ஐம்பத்தேழு சென்ரிமீற்றர். தலைப்பாகைகளுக்குச் சொல்லிவைக்கும் அப்பாவுக்கு இலக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டினேன். யாருடையது என்று கேட்காமல் எழுதிக்கொண்டார்.